மருத்துவர் மன்றத்தில் ஒரு முகமூடி

1972ஆம் ஆண்டு, மே திங்கள் 2ஆம் நாள். அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து டாலஸ் நகரில், அந்நாட்டு மனநல மருத்துவர் சங்கத்தின் ஆண்டு மாநாடு. படித்தவர்கள், பட்டம் பெற்றவர்கள், பிறர் மனத்தின் ஆழத்தை அளக்கும் கோல் தம் கையில் இருக்கிறது என்று நம்பியவர்கள் கூடியிருந்தனர். அந்த அறிஞர் மன்றத்தின் மேடையிலே ஓர் உருவம் வந்து அமர்ந்தது. ஆறடிக்கு மேற்பட்ட உயரம். பருத்த உடல். அந்த உடலுக்கும் பெரிதாய்த் தொளதொளத்த விருந்து உடை. தலையிலே பொய்ம்முடி. முகத்திலே ரப்பர் முகமூடி. குரலைக் கொண்டு ஆளைக் கண்டுகொள்ள முடியாதபடி, அதைத் திரித்து ஒலிக்கும் ஒலிபெருக்கி. பெயர் என்ன? டாக்டர் எச். அனானிமஸ். அதாவது, பெயரிலி!

யார் அவர்? கொள்ளையடித்துவிட்டுக் கூட்டத்திலே ஒளிந்தவரா? அரசைக் கவிழ்க்கச் சதி தீட்டித் தலைமறைவானவரா? ஒன்றுமில்லை. அவரும் ஒரு மனநல மருத்துவர். எதிரே அமர்ந்திருந்தோரின் தொழில் தோழர். அவர் சொல்ல வந்த செய்தி சிறியது. தாம் ஆணை நேசிக்கும் ஆண், தாம் மனநல மருத்துவரும்கூட என்பதுதான். இந்த இரண்டு தொடரைச் சொல்ல ஒரு மனிதனுக்கு முகமூடி தேவைப்பட்டது. அதுவும் எங்கே? மனிதரின் அச்சத்தைப் போக்குவதையே தொழிலாய்க் கொண்டோரின் மன்றத்திலே!

முகமூடிக்குப் பின்னே இருந்தவர் ஜான் ஃப்ரையர். 1937இல் கென்டக்கி மாநிலத்து வின்செஸ்டர் என்னும் சிற்றூரில் பிறந்தவர். பதினைந்து வயதிலேயே கல்லூரி, பத்தொன்பதில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் படிப்பு, 1962இல் பட்டம். பின்னர் மனநல மருத்துவம் பயில, கான்சாஸ் மாநிலத்து டொபீகா நகரில் இருந்த மென்னிங்கர் நிலையத்திற்குச் சென்றார். அத்துறை பயில்வோருக்கு அந்நாளில் அது ஒரு திருத்தலம் போன்றது. அங்கேதான் அவரை மனச்சோர்வு வீழ்த்தியது. மனத்தைக் குணப்படுத்தக் கற்க வந்தவர், தம் மனம் இருண்டு, படிப்பைத் தொடர முடியாமல் வெளியேறினார்.

ஏன் அந்தச் சோர்வு? தாம் யார் என்பதை ஒவ்வொரு நாளும் மறைத்தே தீரவேண்டிய நிலை.

மறைப்பது என்றால் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு ஓய்ந்திருப்பது என்று எண்ணிவிட வேண்டாம், தோழர்களே! அது ஓய்வில்லாத உழைப்பு. சம்பளம் இல்லாத இரவுக் காவல். உணவு மேசையில் நண்பர் ஒருவர் 'ஞாயிறன்று யாரோடு போனாய்?' என்று கேட்பார். வேடிக்கைக் கேள்விதான். ஆனால் கேட்கப்பட்டவன் நெஞ்சிலே பறையடிக்கும். 'அவன்' என்ற சொல் நாக்கு நுனிக்கு வருமுன் அதைப் பிடித்திழுத்து 'அவள்' என்று மாற்ற வேண்டும். கடிதம் வந்தால் மேலுறையில் இருக்கும் கையெழுத்தைப் பிறர் கண்டனரோ என்ற கலக்கம். மேலதிகாரி அழைத்தால், அழைத்தது வேலைக்காகவா, விஷயம் தெரிந்துவிட்டதற்காகவா என்ற திகில். திருமணம் எப்போது என்று வீட்டார் கேட்டால் ஒரு சாக்கு. அடுத்த ஆண்டு கேட்டால் வேறு சாக்கு. சென்ற ஆண்டு சொன்ன சாக்கு எது என்ற நினைவுச் சுமை வேறு. ஒரு நாளா? ஒரு மாதமா? பத்து, இருபது, முப்பது ஆண்டுகள்! காரணம் நீங்கிய பிறகும் படபடப்பு நீங்காது. தூக்கம் கெடும். பசி மங்கும். காலையில் கண் விழிப்பதே ஒரு கடமையாகிவிடும். பதற்றம், மனச்சோர்வு என்று மருத்துவ ஏடு இரண்டாகப் பிரித்து எழுதுவதை, அனுபவிப்பவன் ஒரே பாரமாகச் சுமக்கிறான்.

ஃப்ரையர் ஃபிலடெல்ஃபியா நகருக்குச் சென்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பயிற்சியைத் தொடர்ந்தார். 1964இல் அவர் தன்பாலீர்ப்பினர் என்பது தெரியவந்தது. அவ்வளவுதான்! வெளியேற நேர்ந்தது. நாரிஸ்டவுன் என்ற ஊரில் இருந்த அரசு மனநல மருத்துவமனையில் சேர்ந்து, மீதிப் பயிற்சியை முடித்தார். அச்சம் வீண் கற்பனை என்று அவரிடம் யார் சொல்லியிருக்க முடியும்? அச்சப்பட்டது அப்படியே நடந்ததே!

அவருடைய துறை இதைப் பற்றி என்ன சொல்லிக் கொண்டிருந்தது?

1952இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் முதல் நோய்ப்பட்டியலை வெளியிட்டது. ஆணுக்கு ஆணிடமும் பெண்ணுக்குப் பெண்ணிடமும் பிறக்கும் காதல், சமூகத்தோடு ஒவ்வாத ஆளுமைக் கோளாறுகளிலே ஒன்றாக அதில் இடம்பெற்றது. 1968இல் இரண்டாம் பதிப்பு வந்தது. தலைப்பு மாறியது, பாலியல் பிறழ்ச்சி என்றாயிற்று. தீர்ப்பு மாறவில்லை. பட்டியலில் ஏறியபின் 'சிகிச்சை' வராமல் இருக்குமா? வந்தது. ஆண் படத்தைக் காட்டி மின்னதிர்ச்சி கொடுத்தனர். படத்தைக் காட்டி வாந்தி வரும் மருந்தைச் செலுத்தினர். சிலருக்கு மூளையிலேயே கத்தி வைத்தனர். அதே 1952இல், கடலுக்கு அப்பால் இங்கிலாந்தில், கணிப்பொறியியலுக்கு அடிகோலிய கணித மேதை ஆலன் டூரிங் இதே 'குற்றத்துக்காக' மான்செஸ்டர் பகுதியில் தண்டிக்கப்பட்டார். சிறையா, ஓராண்டு ஹார்மோன் மருந்தா என்ற நிலையில் மருந்தை ஏற்றார். 1954 ஜூன் 7இல் சயனைடால் இறந்தார். தற்கொலை என்று விசாரணை முடிவு செய்தது. போரிலே அவர் உடைத்த பகைவரின் மறைகுறிகள் எத்தனையோ உயிர்களைக் காத்தன. 2013இல், அவர் மறைந்து ஐம்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, அரச மன்னிப்பு வந்தது. மன்னிப்பாம்! யார் யாரை மன்னிப்பது?

பட்டியல் எழுதியவர்களின் வாதத்தைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். 'இவன் ஏன் துயரத்தில் இருக்கிறான்?' 'நோயாளி, அதனால்.' 'என்ன நோய்?' 'ஆணை நேசிக்கிறான்.' 'அது நோய் என்பதற்குச் சான்று?' 'பாருங்களேன், எவ்வளவு துயரத்தில் இருக்கிறான்!' செக்குமாடு சுற்றுவது போன்ற வாதம். இந்தச் செக்கை நாம் அறியாதவர்களா? ஊர்க் கிணற்றில் வாளி போடக்கூடாது என்று தடுத்துவிட்டு, 'அழுக்காய் இருப்பதே அவர்கள் இயல்பு' என்று பேசியதை நம் நாடு கேட்டதில்லையா? பள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, 'படிப்பு இவர்கள் தலையில் ஏறாது' என்று சாத்திரம் வகுத்ததைக் கண்டதில்லையா? விளைவைக் காரணமாக்கும் வித்தை வைதீகர்க்கு மட்டும் உரியதன்று. வெள்ளை அங்கி அணிந்தவர்களும் அதைச் செய்திருக்கிறார்கள்.

இதில் வியப்பு என்னவென்றால், உளப்பகுப்பாய்வின் தந்தையான ஃப்ராய்ட், 1935இலேயே மகனைப் பற்றிக் கவலைப்பட்ட ஓர் அமெரிக்கத் தாய்க்கு எழுதிய கடிதத்தில் தெளிவாகச் சொல்லியிருந்தார். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை, இதை நோய் என வகுக்க முடியாது, குற்றமாக்கித் துன்புறுத்துவது பெரும் அநீதி என்பது அவர் கருத்து. மகன் மனப்போராட்டத்தால் வாடினால் அந்த வாட்டத்துக்கு மருத்துவம் உதவலாம். அவனுடைய ஈர்ப்பு மாறினாலும் மாறாவிட்டாலும் அமைதி கிட்டலாம் என்றும் எழுதினார். ஈர்ப்பு வேறு, வாட்டம் வேறு! அந்த இரண்டையும் அவர் பிரித்துக் காட்டினார். அவர் பெயரைச் சொல்லித் தொழில் நடத்திய அமெரிக்கச் சீடர்கள் மீண்டும் ஒட்டவைத்தனர். 1962இல் இர்விங் பீபரும் அவருடைய குழுவினரும் ஒரு நூல் வெளியிட்டனர். 106 ஆண்களை ஆராய்ந்தார்களாம். தாய் மிக நெருங்கியதும் தந்தை விலகியதும் காரணமாம். அம்மா அணைத்தது குற்றம். அப்பா அணைக்காதது குற்றம்! அந்த 106 பேர் யார்? அத்தனை பேரும் சிகிச்சைக்கு வந்தவர்கள். மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டு எண்ணினால் ஊரில் எல்லோரும் நோயாளிகளாகத்தானே தெரிவார்கள்?

வாசலை விட்டு வெளியே வந்து எண்ணிய ஒருவர் இருந்தார். ஈவ்லின் ஹூக்கர் என்ற பெண்மணி. லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்து உளவியலாளர். மாணவர் ஒருவர் அவரிடம், 'எங்களைப் போன்றோரை ஆராய்வது உங்கள் கடமை' என்ற பொருள்பட வற்புறுத்தினார். ஹூக்கர் சிகிச்சைக்கு வராத தன்பாலீர்ப்பு ஆண்கள் முப்பது பேரைத் தேர்ந்தார். வயது, கல்வி, அறிவுத்திறன் ஆகியவற்றில் அவர்களுக்கு இணையான வேறு முப்பது ஆண்களையும் தேர்ந்தார். மைக்கறைப் படம் உள்ளிட்ட உளவியல் சோதனைகளை இரு சாராருக்கும் நடத்தினார். விடைத்தாள்களில் யார் எவர் என்ற குறிப்பை நீக்கிவிட்டு, அத்துறையின் பெரும் வல்லுநர்களிடம் கொடுத்து, பிரித்துக் காட்டுங்கள் என்றார். முடியவில்லை. இரு சாராரிலும் மூன்றில் இரண்டு பங்கினர் நல்ல மனநிலையோடு இருப்பதாகவே அவர்கள் மதிப்பிட்டனர். 1956இல் சிக்காகோவில் படித்து, 1957இல் அச்சேறிய ஆய்வு இது. எளிய சோதனைதான். செய்து பார்க்க வேண்டும் என்று அதற்குமுன் ஒருவருக்கும் தோன்றவில்லை. முடிவு முன்பே தெரிந்துவிட்டதாக எண்ணியவர்களுக்குச் சோதனை எதற்கு?

ஆய்வு அச்சேறியும் பட்டியல் அசையவில்லை. ஏடுகளை அசைக்க ஆட்கள் எழ வேண்டியிருந்தது. 1957இல் அரசுப் பணியிலிருந்து நீக்கப்பட்ட வானியலாளர் ஃப்ராங்க் கமெனி, பார்பரா கிட்டிங்ஸ் போன்றோர் எழுந்தனர். 1970இல் சான் ஃபிரான்சிஸ்கோ மாநாட்டில் கூச்சல். 1971இல் வாஷிங்டன் மாநாட்டில் கமெனி ஒலிபெருக்கியைக் கைப்பற்றினார். 1972இல் மேடையே தரப்பட்டது. அப்போதுதான் கிட்டிங்ஸின் வாழ்க்கைத் துணைவி கே லஹுசன் ஒரு குறையைச் சுட்டினார். மேடையில் தன்பாலீர்ப்பினர் இருக்கிறார்கள், மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள், இரண்டுமாய் இருப்பவர் எங்கே? கிட்டிங்ஸ் ஒவ்வொருவராய்க் கேட்டார். ஒவ்வொருவராய் மறுத்தனர். வேலை போகும், உரிமம் போகும், மானம் போகும். வர மறுத்தவர்கள் எழுதிய கடிதங்களை, பெயரை மறைத்து மேடையில் படிக்கும் நிலை வந்தது. ஃப்ரையர் மட்டும், உருமாற்றிக்கொண்டு வருகிறேன் என்றார். ஏற்கெனவே இழந்தவர், இனியும் இழக்க அவருக்கு நிறைய இருந்தது. டெம்பிள் பல்கலைக்கழகத்தில் அவர் பணி இன்னும் நிலைப்படவில்லை.

முகமூடிக்குள்ளிருந்து அவர் பேசியது பெரும்பாலும் நோயைப் பற்றியன்று, வாழ்க்கையைப் பற்றி. இதே மாநாட்டுக்குப் பதிவு செய்தவர்களிலே தம்மைப் போன்றோர் நூற்றுக்கு மேற்பட்டோர் உண்டு என்றார். பகலிலே சங்கத்தின் உறுப்பினர்கள். இரவிலே தங்களுக்குள் மட்டும் அறிமுகமானவர்கள். மருத்துவராய் வெற்றி பெற வேண்டுமானால் தங்களைப் பிறர் அறியக்கூடாது; அறியாமல் இருக்க, இரு மடங்கு உழைக்க வேண்டும், இரு மடங்கு எச்சரிக்கை வேண்டும். தங்கள் மனிதத் தன்மையின் நேர்மையை விட்டுக்கொடுப்பதே மற்ற எல்லா இழப்பையும் விடப் பெரிய இழப்பு என்று சொல்லி அமர்ந்தார். கைதட்டல் எழுந்தது. முன்வரிசையில் மருத்துவமனை நிர்வாகி ஒருவரும் இருந்தார். ஃப்ரையர் தன்பாலீர்ப்பினராய் மட்டும் இருந்தாலும் வைத்துக்கொள்வோம், பகட்டானவராய் மட்டும் இருந்தாலும் வைத்துக்கொள்வோம், இரண்டுமாய் இருப்பதால் முடியாது என்று சொல்லி அவரை வேலையிலிருந்து நீக்கியவர் அந்த நிர்வாகிதான். மேடையில் இருப்பவர் யாரென்று அவருக்குத் தெரியவில்லை!

1973 டிசம்பர் 15இல் சங்கத்தின் ஆட்சிக்குழு, அந்தக் காதலை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கத் தீர்மானித்தது. எதிர்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? உறுப்பினர் அனைவரின் வாக்கையும் கேட்க வேண்டும் என்று மனுக் கொடுத்தனர். 1974இல் வாக்கெடுப்பு நடந்தது. நீக்கியதை ஆதரித்தோர் 5,854, எதிர்த்தோர் 3,810. வாக்குப் போட்டா நோயைத் தீர்மானிப்பது என்று இன்றும் ஏளனம் பேசுவோர் உண்டு. வாக்கெடுப்பைக் கேட்டவர்களே தோற்ற தரப்பினர் என்பதை அவர்கள் சொல்வதில்லை. பட்டியலில் ஏற்றியபோது உறுப்பினர் அனைவரின் வாக்கையும் கேட்கவில்லை, ஒழுங்கான ஓர் ஆய்வும் கேட்கவில்லை என்பதையும் சொல்வதில்லை.

ஆனாலும் முன்வாசலில் போனது பின்வாசலில் வந்தது. 1980ஆம் ஆண்டுப் பதிப்பில், தன் ஈர்ப்பை எண்ணித் தானே வருந்துபவன் நோயாளி என்று ஒரு புதுப் பெயர் சூட்டினர். ஊரெல்லாம் கல்லெறிகிறது, எறிபட்டவன் 'ஐயோ, இப்படிப் பிறந்தேனே' என்கிறான், உடனே அவன் முனகலுக்கு ஒரு நோய்ப் பெயர்! கல்லைப் பற்றி மட்டும் பேச்சில்லை. 1987இல்தான் அதுவும் நீங்கியது. உலக சுகாதார நிறுவனம் தன் பட்டியலிலிருந்து நீக்க ஒப்புதல் அளித்தது 1990 மே 17இல்.

கல்லுக்கும் காயத்துக்கும் உள்ள தொடர்பை அளந்தும் காட்டிவிட்டார்கள். அமெரிக்காவில் 2004, 2005 ஆண்டுகளில் பல மாநிலங்கள் ஒருபால் திருமணத்துக்குத் தடை விதித்தன. அதற்கு முன்னும் பின்னும் 34,653 பேரிடம் எடுத்த தேசிய அளவிலான மனநலக் கணிப்பை மார்க் ஹாட்சன்பியூலர் குழுவினர் ஆராய்ந்து 2010இல் வெளியிட்டனர். தடை வந்த மாநிலங்களில் வாழ்ந்த ஒருபால், இருபால் ஈர்ப்பினரிடையே மனச்சோர்வு உள்ளிட்ட மனநிலைக் கோளாறுகள் 36.6 விழுக்காடு கூடியிருந்தன. பொதுப் பதற்றக் கோளாறு மும்மடங்குக்கும் மேலாயிற்று. தடை வராத மாநிலங்களில் அத்தகைய உயர்வு இல்லை. காதல் எங்கும் ஒன்றுதான், சட்டம்தான் மாறியது.

இந்த இடத்தில் நம் இளைஞர்களிடையே சில சமயம் கேட்கும் ஒரு பேச்சைக் குறிப்பிட வேண்டும். 'காரணம் சமூகம் என்று தெரிந்துவிட்டதே, பிறகு மருந்தெதற்கு? மருத்துவரிடம் போவது அவர்கள் சுமத்திய பழியை ஒப்புக்கொள்வதாகாதா?' என்பது அந்தப் பேச்சு. வீரம் போலத் தோன்றும், ஆனால் தவறு. கல் எறிந்தவன் குற்றவாளி என்பதால் எறிபட்டவனின் எலும்பு தானே கூடிவிடுமா? மனச்சோர்வும் பதற்றமும் மெய்யான நோய்கள். பேச்சு வழிச் சிகிச்சை உண்டு. சில வாரங்களில் பலன் தரத் தொடங்கும் மாத்திரைகள் உண்டு. அவை காதலை மாற்ற வந்தவை அல்ல. காதலிப்பவன் உறங்கவும் உண்ணவும் உதவ வந்தவை. ஃப்ராய்ட் பிரித்துக் காட்டிய இரண்டையும் நாம் மீண்டும் குழப்ப வேண்டுவதில்லை. நெடுநாள் நோய் என்றால் நெடுநாள் மருத்துவம். சர்க்கரை நோயாளி வெட்கப்படுகிறாரா?

ஆனால் போகும் மருத்துவர் எப்படிப்பட்டவர் என்பது பெரிய கேள்வி. ஆங்கிலேயர் 1860இல் வகுத்த தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, ஆயுள் தண்டனை வரை அச்சுறுத்தியபடி இந்த நாட்டில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. வயது வந்தோர் இசைந்து கொள்ளும் உறவு குற்றமன்று என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2018 செப்டம்பர் 6இல். பால் ஈர்ப்பைக் காரணம் காட்டி மனநல மருத்துவத்தில் வேற்றுமை பாராட்டக்கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம். 2021 ஜூன் 7இல், பெற்றோருக்கு அஞ்சிச் சென்னைக்கு வந்த இரு பெண்களின் வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் 'சிகிச்சை' முயற்சிகளைத் தடைசெய்தார். தீர்ப்பு எழுதுமுன் அவரே உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து இதைக் கற்றுக்கொண்டார். நீதிபதி மாணவராக அமர்ந்தார்! கற்றதாக எண்ணிக் கொண்டிருந்த அந்த டாலஸ் மன்றத்தை நினைத்துப் பார்க்கிறேன். 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய சிகிச்சையைத் தொழில்முறைத் தவறு என அறிவித்தது. ஆணைகள் வந்துவிட்டன. அவை ஒவ்வொரு மருத்துவர் அறைக்குள்ளும் நுழைந்துவிட்டன என்று சொல்ல நான் துணியமாட்டேன்.

ஃப்ரையர் டாலஸிலிருந்து ஊர் திரும்பி, பழையபடி வேலைக்குப் போனார். பெயரிலி யார் என்பதை அவர் பொதுவில் சொல்லவில்லை. பட்டியல் மாறிய 1973லும் சொல்லவில்லை. வாக்கெடுப்பில் வென்ற 1974லும் சொல்லவில்லை. டெம்பிள் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். சாகும் நிலையில் இருப்போரையும், அவர்களை இழந்து தவிப்போரையும் கவனிக்கும் மருத்துவத்தில் ஈடுபட்டார். எய்ட்ஸ் வந்து, மருத்துவர்களே நோயாளியைத் தொட அஞ்சிய காலத்தில், அந்நோயாளிகளைத் தம் வீட்டிலிருந்த அறையிலே வைத்துக் கவனித்தார். 1994இல், ஃபிலடெல்ஃபியாவில் நடந்த அதே சங்கத்தின் மாநாட்டில், அந்த முகமூடி நான்தான் என்று அறிவித்தார். இடையே இருபத்திரண்டு ஆண்டுகள்! 2003இல் மறைந்தார்.

அவருடைய தாள்கள் ஃபிலடெல்ஃபியாவில் பென்சில்வேனியா வரலாற்றுக் கழகத்தில் இருக்கின்றன. டாலஸ் பேச்சுக்குப் பிறகு அவர் எழுதிய நாட்குறிப்பும் அவற்றில் ஒன்று. சங்கத்தை வென்றதாக அதில் அவர் எழுதவில்லை. அந்த நாள் வந்தது, கழிந்தது, தாம் இன்னும் உயிரோடிருக்கிறோம் என்று எழுதியிருக்கிறார்.